வீட்டிலேயே தணிந்த கழுத்து

வெலிச்காவின் கழுத்து செப்டம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு நின்றுபோனது. நேரத்தை அவள் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தையல் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள், பதினொன்றே கால். தலையைக் குனிந்து அடுத்த காலரை ஊசிக்கடியில் வைத்தாள். அதற்குப் பிறகு தலை இடப்பக்கமும் திரும்பவில்லை, வலப்பக்கமும் திரும்பவில்லை. நிமிரவும் இல்லை. முகவாய் மட்டும் இரண்டு விரற்கடை மேலே போய் மறுபடி இறங்கியது.

இருபத்தாறு வருஷமாக அவள் தைத்தது காலர் மட்டும்தான். வெளிநாட்டுக்குப் போகும் குளிர்கால மேல்கோட்டுகளுக்கு ஒரு ஷிப்டில் நானூற்று இருபது காலர். முகம் தெரியாத யாருடைய கழுத்தோ இதமாக இருப்பதற்காக அவள் தன் கழுத்தை வளைத்து வைத்திருந்தாள் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும். சம்பளத்துக்காகத்தான் வளைத்து வைத்திருந்தாள்.

அந்தக் கூடத்தில் தொண்ணூறு மெஷின் ஓடும். வாயால் பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது என்பதால் எல்லாம் தலையசைப்புதான். ஆமாம் என்றால் தலை இடமும் வலமுமாகத் திரும்பும். இல்லை என்றால் முகவாய் மேலே போய் இறங்கும். பல்கேரியாவில் பிறந்த எவரும் இதை நடக்கப் பழகுவதற்கு முன்பே பழகிவிடுவார்கள். ஆகவே அன்று காபி வேண்டுமா என்று கேட்டவளுக்கு வெலிச்கா வேண்டாம் என்றாள். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றவளுக்கும் வேண்டாம். உடம்புக்கு முடியவில்லையா என்று சாடையில் கேட்ட மேற்பார்வையாளர் தோன்காவுக்கும் இல்லை என்றே போய்ச் சேர்ந்தது.

ஷிப்டு முடிந்து மெஷின்கள் அடங்கிய பிறகுதான் வாயால் சொல்ல முடிந்தது.

"கழுத்து திரும்ப மாட்டேங்குது, தோன்கா."

"காலைல கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னியேடி."

"நான் சொல்லல. கழுத்து சொல்லிருச்சு."

தோன்கா அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். சுற்றி வந்து, முழங்காலை மடித்து உட்கார்ந்து, கீழிருந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பேக்கிங் மேசைல இருக்கிறவ நவம்பர் கடைசியோட ரிட்டையர் ஆகுறா. நின்னுக்கிட்டு செய்யுற வேலை, மேசை உயரம், குனிய வேண்டாம். உன் பேரைப் போடுறேன். ஆனா உன்னை மெஷின்லேருந்து எடுத்தா மேல கேப்பாங்க. இலகு வேலைக்குச் சான்று கொண்டு வா. நவம்பர் இருபத்தொம்பது, மத்தியானம் பன்னெண்டு. அதுக்குள்ள வரலன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"அப்ப நான்?"

"நானூத்தி இருபது தைக்க முடியுமா உன்னால?"

முகவாய் மேலே போய் இறங்கியது. இந்த ஒரு தடவை கழுத்து சரியாகத்தான் சொன்னது.

வீட்டில் அவள் கணவர் தோப்ரி இருந்தார். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பாதி படுத்துக்கொண்டது. இடது கையும் வாயும் மிச்சம். அவரை ஒரு நாளைக்கு நான்கு முறை தூக்கி உட்காரவைக்க வேண்டும். அவளுடைய வேலையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"சான்றுதானே," என்றார் தோப்ரி. "கொடுத்திருவாங்க. உன் கழுத்தைப் பாத்தாலே தெரியுதே."

முன்பெல்லாம் இலகு வேலைச் சான்றுக்கு மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கே கூட்டம் அதிகமாகிவிட்டதால் அந்த வசந்த காலத்தில் ஒரு புதிய அமைப்பு தொடங்கப்பட்டிருந்தது. அதன் பெயர் 'கழுத்து வலியை வீட்டிலேயே புரிந்துகொண்டு தணிப்பதற்கான மாவட்ட ஆணையம்'. வலி உள்ளவர் முதலில் வலியைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு வீட்டில் தணிக்க முயல வேண்டும், தணியவில்லை என்று நிரூபித்தால் சான்று. அலுவலகம் நான்காம் மாடியில் இருந்தது. அறை எண்களைக் கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி எழுதியிருந்தார்கள். வந்தவர்களால் அண்ணாந்து படிக்க முடியாததால் தப்பான கதவுகளைத் திறந்தார்கள். அதைத் தடுக்க 'எண்ணைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவும்' என்ற அறிவிப்பையும் எண்ணுக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

நடைபாதையில் பதினெட்டுப் பேர். எந்த வரிசையிலும் புதிதாக வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார், கடைசி ஆள் திரும்பி "நான்" என்பார். இங்கே யாராலும் திரும்ப முடியவில்லை. தனக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாததால், ஒவ்வொருவரும் தான்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டு நின்றார்.

வெலிச்கா இரண்டு முறை கேட்டாள். மிஞ்சோ என்ற ஓய்வு பெற்ற லாரி டிரைவர், அலமாரியை நகர்த்துவதுபோல உடம்பு முழுவதையும் திருப்பி அவளைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி வந்து நில்லு தங்கச்சி. பின்னாடி நின்னா நீ இருக்கியா போயிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எத்தன வருஷமா அண்ணே?"

"லாரியை ரிவர்ஸ் எடுத்து எடுத்து போனது. இப்ப என்னையே ரிவர்ஸ் எடுக்க முடியல."

பதினொரு மணிக்கு ஆணையத்தின் தலைவர் டாக்டர் கரகாஷேவ் வெளியே வந்து, நேரத்தை மிச்சப்படுத்த, பதினெட்டுப் பேரையும் மொத்தமாகப் பரிசோதித்தார். அதாவது அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பான குடிமக்களே. கழுத்து என்பது தனியார் சொத்து. அரசாங்கத்துக்கு மருத்துவமனைகள் உண்டு, கழுத்துகள் கிடையாது. வீடு இருக்கிறவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை? முன்பு வாய் சொன்னதை நம்பிச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தோம். நானூறு பேருக்குக் கொடுத்தோம். விசாரித்ததில் அந்த நானூறு பேருக்கும் உண்மையிலேயே வலி இருந்தது தெரியவந்தது. இப்படிப் போனால் தாங்குமா? அதனால்தான் புரிதலிலிருந்து தொடங்குகிறோம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கழுத்து வலித்ததே இல்லை. யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை."

பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக நிற்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

புரிதல் வகுப்பு ஆறு வியாழக்கிழமை மாலைகளில், தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு அறையில் நடந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகள். படங்களைப் பலகைக்கு மேலே இருந்த சுவரில் காட்டினார்கள். வெலிச்கா படம் பார்க்க முடியாவிட்டாலும் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். பள்ளியை விட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. தனக்குப் புரிந்தது சரிதானா என்ற பயத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள். கழுத்தில் ஏழு எலும்புகள். தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. குனியக் குனிய அந்த எடை கழுத்துக்குப் பல மடங்காகத் தெரியும்.

அவள் கையைத் தூக்கினாள். "அப்ப குனியாம இருந்தா போதுமா டாக்டர்?"

"அது தணிப்பு," என்றார் கரகாஷேவ். "நாம இன்னும் புரிதல்ல இருக்கோம். தணிப்பு அஞ்சாவது வாரம்."

ஐந்தாவது வாரம், நீண்ட நேரம் குனிந்து உட்காரக் கூடாது என்று அவர் சொன்னார். பதினெட்டுப் பேரும் பிள்ளைகளின் பெஞ்சில் இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார்கள்.

முதல் வகுப்பு முடிந்ததுமே ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக எழுத வேண்டும். என்ன தணிப்பு செய்தோம், பிறகு எவ்வளவு ஆனது என்பதற்கும் கட்டங்கள் இருந்தன. வெலிச்கா ஒரு நாளும் தவறவில்லை.

'செப்டம்பர் 20, காலை 6. ஏழு. (ஆறரையாகவும் இருக்கலாம். இரவு இடப்பக்கமாகப் படுத்தேன், அது என் தவறா தெரியவில்லை.) மாலை 7. எட்டு. சூடான உப்பு, தோப்ரி. பிறகு ஐந்து. (ஐந்து என்று போட்டது நியாயமா? அவர் பேசிச் சிரிக்க வைத்தார். உப்புக்கு எவ்வளவு குறைந்தது, சிரிப்புக்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.)'

உப்பை இரும்புச் சட்டியில் வறுத்துக் கம்பளிக் காலுறையில் கொட்டி முடிச்சுப் போடுவாள். கட்டிலுக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருவாள். தோப்ரி இடது கையால் அந்த மூட்டையை அவள் பிடரியில் வைத்து மெல்ல அழுத்துவார். ஒரு கை போதாத இடத்தில் முழங்கையை வைப்பார்.

"இப்ப எவ்வளவு?"

"அஞ்சு இருக்கும்."

"பத்துன்னு எழுது. சான்று வேணும்ல."

"பத்துன்னா தாங்கவே முடியாத வலின்னு போட்டிருக்கு. நான் தாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நான் பஸ் ஓட்டுறப்ப எழுபது பேர் ஏறுனா அம்பதுன்னுதான் எழுதுவோம். வண்டி கவுந்தா போச்சு?"

"அது குறைச்சு எழுதினது."

"அதுல குறைச்ச இருபதை இதுல சேத்துக்க. அரசாங்கத்துக்குக் கணக்கு நேராயிரும்."

அவள் சிரித்தாள். சிரித்ததில் கழுத்து வலித்தது. 'ஐந்து' என்றே எழுதினாள்.

அக்டோபர் எட்டாம் தேதி ஆணையத்திலிருந்து ஸ்தோயில் என்ற ஆய்வாளர், வீடு கழுத்து வலியைத் தணிக்கத் தகுதியானதா என்று பார்க்க வந்தார். முப்பது வயதிருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றி, அவள் கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக உள்ளே வந்தார். தலையணையின் உயரத்தை அளந்தார். மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி ஜன்னல் ஜன்னலாகப் பிடித்து, இடுக்கு வழியே குளிர்காற்று வருகிறதா என்று பார்த்தார். கழுத்து வலி அப்படி நுழையும் காற்றால் வருவது என்பதில் ஆணையத்துக்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சுடர் அசையவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாத் துண்டு ஒன்றைச் சாப்பிட்டார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"இவர் யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

"எவ்வளவு எடை?"

"எண்பத்தி நாலு கிலோ."

"ஒரு நாளைக்கு எத்தன தடவை தூக்குவீங்க?"

"நாலு தடவை. சில நாள் அஞ்சு."

ஸ்தோயில் படிவத்தைப் புரட்டினார். "இதுல 'வீட்டிலுள்ள பளுவான பொருட்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. ஆளுங்களுக்குக் கட்டம் இல்ல."

"அதுலயே போடு தம்பி," என்றார் தோப்ரி. "அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவுல போடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஸ்தோயில் போட்டார். 'வீடு தகுதியற்றது. தடை: கணவர். நீக்குவதற்கு அவகாசம்: முப்பது நாட்கள்.' கையெழுத்து வாங்கிக்கொண்டு, பனிட்சாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"முப்பது நாள் குடுத்திருக்கான்," என்றார் தோப்ரி. "எங்க டிப்போல ஒரு கண்ணாடி மாத்தவே ரெண்டு மாசம் ஆகும்."

"வாய மூடிக்கிட்டு மூட்டையை அழுத்துங்க."

"கணவர்னு நல்ல கையெழுத்துல எழுதியிருக்கான். கல்யாணப் பதிவுல கூட இவ்வளவு அழகா எழுதல."

அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நவம்பர் ஐந்தாம் தேதி பகலில், வெலிச்கா ஷிப்டில் இருந்த நேரத்தில் தோப்ரி இறந்துபோனார். பக்கவாதத்தின் இரண்டாவது தாக்குதல். அவள் வந்து பார்த்தபோது இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்களின் முகங்களை அவளால் பார்க்க முடியவில்லை. காலணிகளைப் பார்த்தாள். சேறு ஒட்டிய டிப்போ பூட்ஸுகள் ஒன்பது ஜோடி வந்தன, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றன, நகர்ந்தன. ஆனால் பெட்டிக்குள் இருந்த தோப்ரியைப் பார்க்க அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று ஒருநாள்தான் அந்தக் கழுத்து அவளுக்கு உதவியாக இருந்தது.

'நவம்பர் 9, மாலை 7. எட்டு. உப்பு. பின்பக்கம் கை எட்டவில்லை. பிறகு எட்டு.'

'நவம்பர் 10, மாலை 7. எட்டு. உப்பு வறுக்கவில்லை. (வறுத்திருக்க வேண்டுமோ.)'

நவம்பர் பன்னிரண்டாம் தேதி ஸ்தோயில் இரண்டாவது ஆய்வுக்கு வந்தார். வாசற்கதவில் தோப்ரியின் புகைப்படத்தோடு மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். இறந்தவர் பேரில் வேகவைத்த கோதுமையை அவள் ஒரு தட்டில் கொடுத்தாள். மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றார். பிறகுதான் பையைத் திறந்தார்.

"இந்தப் படிவத்துல 'தடை நீங்கியதா'ன்னு கேட்டிருக்கும்மா. ஆமா, இல்ல, ரெண்டே கட்டம்தான். நான் என்ன போடட்டும்?"

"இருக்கிறதப் போடுங்க தம்பி."

அவர் பேனாவை எடுத்தார். 'தடை நீங்கியது. வீடு தகுதியுள்ளது.' கொஞ்சம் யோசித்து, 'அவகாசத்துக்குள்' என்ற சொல்லையும் சேர்த்தார்.

"அப்படிப் போட்டாத்தான் உங்களுக்கு நல்லது," என்றார், உண்மையான அக்கறையோடு.

இறுதி விசாரணை நவம்பர் இருபதாம் தேதி. மேசைக்குப் பின்னால் கரகாஷேவும் இரண்டு மருத்துவர்களும், ஓரத்தில் செயலாளர் அம்மாளும் இருந்தார்கள். வலி உள்ளவர்கள் வாயால் பதில் சொல்லக் கூடாது என்று புதிய விதி வந்திருந்தது.

"வாய்க்கு ஆசை உண்டு," என்று கரகாஷேவ் விளக்கினார். "கழுத்துக்கு ஆசை கிடையாது. அதனால கேள்வியை நேரா கழுத்துக்கிட்டயே கேக்குறோம். நீங்க நடுவுல வர வேண்டாம்."

மிஞ்சோ முதலில் போனார். கதவு திறந்திருந்தது. கழுத்து வலிக்கிறதா என்று கேட்டார்கள். மிஞ்சோ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்துத் தலையை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்து கன்னத்தில் இறங்கியது.

"இடம் நாற்பது டிகிரி, வலம் முப்பத்தஞ்சு," என்றார் கரகாஷேவ். "நல்லாத் திரும்புது. எழுதிக்கங்க, சுழற்சி இயல்பு."

மிஞ்சோ வெளியே வந்து சுவரில் சாய்ந்தார்.

"ஆமான்னேன் தங்கச்சி. ஆமான்னு சொல்ல முடிஞ்சதால வலி இல்லன்னு எழுதிட்டாங்க."

"எனக்குத் திரும்பவே மாட்டேங்குதே அண்ணே. அப்ப நான் எப்படி ஆமான்னு சொல்றது?"

மிஞ்சோ யோசித்தார். "அதை அவங்க யோசிச்சிருப்பாங்க. யோசிச்சிருக்கலன்னாதான் நமக்கு நல்லது."

அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

"கழுத்து வலிக்குதா?"

"வலி..."

செயலாளர் அம்மாள் பென்சிலால் மேசையைத் தட்டினாள். "வாய் வேண்டாம்மா."

வெலிச்கா கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். தோளிலிருந்து இழுத்தாள், பிறகு தாடையிலிருந்து. உள்ளே எங்கோ மணல் அரைபட்டது. தலை இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. அவ்வளவு முயற்சியில் முகவாய் மட்டும் இரண்டு விரற்கடை மேலே போய் இறங்கியது.

"இல்லை," என்று எழுதினாள் செயலாளர் அம்மாள்.

"வீட்டுல தணிப்பு கிடைச்சுதா?"

முகவாய் மறுபடியும் மேலே போய் இறங்கியது.

கரகாஷேவ் அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார். "இங்க கழுத்தும் ஆவணமும் ஒத்துப்போகல. நாப்பத்தாறு மாலை எட்டா இருந்தது, நாப்பத்தாறு மாலையும் அஞ்சா குறைஞ்சிருக்கு. இந்த மாவட்டத்துல இவ்வளவு ஒழுங்கா எழுதின நோயாளி கிடையாது. கழுத்து தப்பு பண்ணலாம், ஆவணம் பண்ணாது."

"அது தோப்ரி, டாக்டர்," என்றாள் வெலிச்கா, விதியை மீறி.

"அது என்ன மருந்து?"

"என் வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர் வீட்டுல உள்ளவர்தானே? நான் அதைத்தான் சொல்றேன். வீட்டிலேயே தணிஞ்சிருக்கு."

"அவர் இப்ப இல்ல."

கரகாஷேவ் கடைசிப் பக்கங்களைப் பார்த்தார். "ஆமா, பத்தாம் தேதியிலேருந்து நீங்க எந்தத் தணிப்பும் தேடல. தேவைப்படல போல." ஆய்வாளரின் படிவத்தையும் எடுத்துப் பார்த்தார். "தடையும் அவகாசத்துக்குள்ளயே நீங்கியிருக்கு. ரொம்ப ஒத்துழைச்சிருக்கீங்கம்மா."

தான் ஒழுங்காக எழுதியதுதான் தப்பா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து என்று போட்ட இடத்திலெல்லாம் எட்டு என்றே எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அவர் கை அவ்வளவு மாலையும் வீணாகப் போனதாகவல்லவா ஆகியிருக்கும் என்றும் தோன்றியது.

"எனக்குப் பேக்கிங் மேசைக்கு ஒரு சான்று வேணும், டாக்டர். இருபத்தொம்பதாம் தேதிக்குள்ள."

"இருபத்தொம்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நகராட்சி மண்டபத்துக்கு வாங்க. உங்க ஆவணத்தை என் கையாலயே தர்றேன்."

அவர் சிரித்த முகமாகச் சொன்னதால் அவளுக்கு நம்பிக்கை வந்தது. ஒன்பது நாளும் அந்த நம்பிக்கையோடு வேலைக்குப் போனாள். நாளுக்கு நூற்றைம்பது காலருக்கு மேல் வரவில்லை. மீதியைத் தோன்கா யாருக்கும் சொல்லாமல் மற்றவர்களின் கணக்கிலிருந்து சரிக்கட்டினாள்.

இருபத்தொன்பதாம் தேதி மண்டபத்தில் பூங்கொத்துகள் இருந்தன. புகைப்படக்காரர் இருந்தார். கரகாஷேவ் மேடையில் நின்றார்.

"ஒரு ஊசி இல்லை. ஒரு மாத்திரை இல்லை. இந்தக் கழுத்தை ஒரு மருத்துவர்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தன் வலியைத் தானே புரிந்துகொண்டு, தன் வீட்டிலேயே தணித்துக்கொண்ட இந்த மாவட்டத்தின் முதல் குடிமகள் இவர். இவரைப்போல எல்லோரும் இருந்துவிட்டால் நாங்கள் எவ்வளவு குறைவாக வேலை செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள்."

கைதட்டினார்கள். அவள் கையில் ஆவணத்தைக் கொடுத்தார்கள். 'கழுத்து: வலியற்றது. பணி: எந்தக் கட்டுப்பாடுமின்றி, எந்த மெஷினிலும்.' பிறகு கரகாஷேவ் தேசியக் கொடியின் வெள்ளை, பச்சை, சிவப்பு நாடாவில் கோத்த பதக்கம் ஒன்றை எடுத்தார். அதை மாட்ட அவள் குனிய வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் நிமிந்து பாருங்க," என்றார் புகைப்படக்காரர்.

அவள் நிமிரவில்லை.

"பரவாயில்ல, எடுங்க," என்றார் கரகாஷேவ். "அடக்கமானவங்க."

பதினொன்றே முக்காலுக்கு அவள் தையல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தோன்கா அவளைத் துணிக்கிடங்குக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இதுல உனக்கு வலி இல்லன்னு போட்டிருக்கேடி."

"ஆமா, போட்டிருக்கு."

"எந்த மெஷின்லயும் உக்காரலாமாம்."

"ஆமா."

"இத நான் மேல குடுத்தா, உன் காலர் கோட்டாவ ஏத்துன்னு சொல்லுவாங்க." தோன்கா அதை நான்காக மடித்து அவள் மேலங்கிப் பையில் திணித்தாள். "நீ குடுக்கவே இல்லன்னு சொல்லிக்கிறேன்."

"பேக்கிங் மேசை?"

"வேற ஒருத்தியோட முழங்கால் சான்று வந்திருக்கு. இப்ப போய் அந்தப் பேரை எழுதணும்." அவள் உடனே போகவில்லை. "இத முதல்ல கழட்டு. இதோட உள்ள வந்தா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க."

நாடா தலை வழியாக வரவில்லை. தலையைச் சாய்த்தால் வரும், சாய்க்க முடியவில்லை. கொக்கியும் பின்னால் இருந்தது, வெலிச்காவின் கை எட்டவில்லை. தோன்கா நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். காலரை விலக்கினாள். இறுகிப்போய்ச் சிவந்திருந்த அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கையைச் சும்மா வைத்திருந்தாள். அந்த ஊரில் அந்தக் கழுத்தைப் பற்றி ஒரு குறிப்பேடும், இரண்டு ஆய்வுப் படிவங்களும், ஒரு தீர்ப்பும் இருந்தன. அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் இப்போது இல்லை.

கத்தரியின் குளிர்ந்த இரும்பு பிடரியில் பட்டது.

"வலிக்குதா?"

கேட்டுவிட்டுத் தோன்கா முன்னால் வந்து, மடங்கி உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்தாள்.

"வலிக்குது," என்றாள் வெலிச்கா.

"தெரியும்டி."

பன்னிரண்டு மணி அடித்தது. தோன்கா நாடாவை வெட்டி எடுத்தாள், போய்ப் பெயரை எழுதிவிட்டு வந்தாள். பிறகு வெலிச்காவைக் கைப்பிடித்து அழைத்துப் போய் மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, அன்றைய முதல் காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.